அச்சுக்கூடத்தில் மாட்டிக்கொண்ட நாவல்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஆங்கில நாவல்களைப் பற்றி எழுதும்போது, ஆர்னால்ட் பென்னெட்டின் 'தி ஓல்ட் வைவ்ஸ் டேல்' இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. கூடவே ஜேம்ஸ் ஜாய்ஸ், ஜோசப் கான்ராட், ஹென்றி ஜேம்ஸ் என்று கேள்விகள் கிளை விட்டிருப்பதால் இந்த மாதம் முழுக்க அதையே வைத்துக்கொள்வோம். ஒரு எச்சரிக்கை: நான் பேராசிரியர் இல்லை, முப்பத்தோரு வருடம் புரூஃப் பார்த்தவன். நாவலைப் பற்றிக் கேட்டால் பதில் அச்சகத்துக்குள் போய்த்தான் நிற்கும்.

கே: ஆசையாக 'யுலிசிஸ்' வாங்கி முப்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன். ஜாய்ஸை எங்கிருந்து தொடங்குவது?

ப: மூடியதில் தப்பில்லை. நான் இருபதாம் பக்கத்திலேயே மூடியவன். 'டப்ளினர்ஸ்' எடுங்கள். மொத்தம் பதினைந்து கதைகள். அதில் 'அராபி' என்ற கதையை முதலில் படியுங்கள், ஆறேழு பக்கம்தான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பையன் பஜாருக்குக் கிளம்பக் காத்திருக்கிறான். காசு கொடுக்க வேண்டிய மாமா அதை மறந்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறார். பையன் காலி ரயிலில் மூன்றாம் வகுப்பில் போய் இறங்கும்போது மணி பத்தாகப் பத்து நிமிடம், கிட்டத்தட்ட எல்லாக் கடைகளும் மூடியாகிவிட்டன. ஒரு கடையில் பீங்கான் சாடிகளைப் பார்ப்பதுபோல் நிற்கிறான். கடைக்காரப் பெண் அவனிடம் பேசுவதும் கடமைக்குத்தான். ஒன்றும் வாங்காமல் திரும்புகிறான். அப்போது பையிலிருக்கும் இரண்டு பென்னிக் காசுகளை ஆறு பென்ஸ் நாணயத்தின் மேல் விழவிடுகிறான். எனக்கு ஜாய்ஸ் என்றால் அந்தச் சத்தம்தான். அது காதில் விழுந்துவிட்டால் மற்றக் கதைகளையும் தன்னால் படித்துவிடுவீர்கள். 'தி டெட்' கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அதே 'டப்ளினர்ஸ்' 1905-லேயே பதிப்பாளரிடம் போய், 1914-ல்தான் வெளியானதாமே. ஒன்பது வருடம் என்ன செய்தார்கள்?

ப: சண்டை போட்டார்கள். முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு புத்தகத்தில் ஆபாசமோ அவதூறோ இருந்தால் எழுதியவரும் பதிப்பித்தவரும் மட்டுமல்ல, அச்சடித்தவரும் குற்றவாளி. அதனால் அச்சகக்காரர் கையில், வெட்டித் திருத்தும் நீலப் பென்சில் வந்துவிட்டது. எந்த விமர்சகரையும்விடக் கறாரான வாசகர் அவர்தான், மாட்டினால் ஜெயிலுக்குப் போகப்போகிறவர் இல்லையா!

ஜாய்ஸ் அப்போது, இன்று இத்தாலியில் இருக்கும் த்ரியெஸ்த் நகரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். முதலில் பன்னிரண்டு கதைகளை லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளருக்கு அனுப்பினார். இந்த ரிச்சர்ட்ஸ் 1905-ல்தான் திவாலாகி, மனைவி பெயரில் கடையை மறுபடி திறந்திருந்தவர். ரசனை உண்டு, துணிச்சலும் உண்டு, பணம்தான் இல்லை. 1906-ல் கதைகளை ஏற்றுக்கொண்டார். பிறகு ஜாய்ஸ் 'டூ கேலண்ட்ஸ்' என்ற கதையைக் கூடுதலாக அனுப்ப, ரிச்சர்ட்ஸ் அதைப் படிக்காமலேயே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டார். அச்சகக்காரர் படித்தார். முடியாது என்று திருப்பி அனுப்பினார். ஒரு கதையில் ஆட்சேபம் வந்ததும் மற்றக் கதைகளிலும் கோடு விழுந்தது. 'பிளடி' என்ற வசவுச் சொல் பெரிய பிரச்சினையாயிற்று. அதே சொல் வேறு கதைகளிலும் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று ஜாய்ஸ் தானே சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினார். புத்திசாலிகள் செய்யும் முட்டாள்தனம். ரிச்சர்ட்ஸ் பின்வாங்கிவிட்டார்.

அப்புறம் டப்ளினில் மான்செல் என்ற நிறுவனம் 1909-ல் ஒப்பந்தம் போட்டது. அங்கே வேறு தகராறு. கதைகளில் மதுக்கடைகளுக்கு நிஜப் பெயரே வருகிறது; ஒரு கதையில் காலஞ்சென்ற ஏழாம் எட்வர்ட் மன்னரைப் பற்றி ஒரு பாத்திரம் மரியாதையில்லாமல் பேசுகிறது. ஜாய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பகுதியைக் குறித்து 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கே அனுப்பி, உங்கள் தகப்பனாரைப் பற்றிய இந்த வரிகள் உங்களுக்கு ஆட்சேபகரமாகத் தோன்றுகிறதா என்று கேட்டார். இப்படிப்பட்ட விஷயங்களில் மன்னர் கருத்துச் சொல்வது வழக்கமில்லை என்று செயலரிடமிருந்து பதில் வந்தது.

1912-ல் ஆயிரம் பிரதிகளுக்கான தாள்கள் அச்சாகி முடிந்த நிலையில், அச்சகக்காரர் அத்தனையையும் அழித்துவிட்டார். எரித்தார்கள் என்றே ஜாய்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தியில் கொடுத்து வெட்டியதாகவும் சொல்வார்கள். எப்படியோ தந்திரமாக ஒரு முழு செட் புரூஃபை மட்டும் கைப்பற்றிக்கொண்டு ஜாய்ஸ் ஊரைவிட்டுக் கிளம்பினார். போகிற வழியில், மான்செல் ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே ஒரு வசைக் கவிதை எழுதினார். அதற்குப் பிறகு அவர் டப்ளினில் காலே வைக்கவில்லை.

1914 ஜூனில் புத்தகத்தை வெளியிட்டது யார்? அதே கிராண்ட் ரிச்சர்ட்ஸ்! முதல் வருடம் ஐந்நூறு பிரதிகூடப் போகவில்லை. போனதிலும் 120 பிரதி, ஒப்பந்தப்படி ஜாய்ஸ் தானே வாங்கிக்கொண்டது.

கே: 'யுலிசிஸ்' முதல் பதிப்பில் அச்சுப்பிழை அதிகம் என்கிறார்களே, அது ஜாய்ஸ் வேண்டுமென்றே செய்ததா?

ப: ஒரு புரூஃப் ரீடரிடம் கேட்கிற கேள்வியா இது? பிழைகள் பிழைகள்தான். புத்தகத்தைப் பாரிஸில் வெளியிட்டவர் சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி, 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்ற புத்தகக் கடை நடத்தியவர். அச்சானது பிரான்ஸில் தீழோன் நகரில், தாரான்தியேர் என்பவரின் அச்சகத்தில். ஆங்கிலம் தெரியாத கம்பாசிட்டர்கள் எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தார்கள். போதாததற்கு, எத்தனை புரூஃப் வேண்டுமானாலும் தருகிறேன் என்று அந்த அம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டார். எந்த எழுத்தாளரிடமும் சொல்லக் கூடாத வார்த்தை அது. ஜாய்ஸ் புரூஃபின் ஓரங்களில் எழுதி எழுதியே நாவலின் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தார். கோத்து முடித்த பக்கத்தில் நாலு வரி நுழைந்தால் அடுத்த பக்கம் நகரும், அதற்கடுத்ததும் நகரும். அந்தக் கம்பாசிட்டர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தோள் வலிக்கிறது.

அதற்கு முன்னாலேயே இன்னொரு கூத்து. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் கணவர் தற்செயலாகப் படித்துப் பார்த்து, கோபத்தில் சில பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டார்.

அட்டைக்குக் கிரேக்கக் கொடியின் நீலம்தான் வேண்டும் என்று அடம். அச்சகக்காரர் அந்த நிறத்தைத் தேடி ஜெர்மனிவரை போனார். 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாள். அன்று காலை ஏழு மணிக்கு தீழோன் ரயிலில் கண்டக்டர் கையில் இரண்டே இரண்டு பிரதிகள் வந்து சேர்ந்தன. ஒன்று ஜாய்ஸுக்கு, மற்றொன்று கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு. பிழைகளுக்காகப் பதிப்பாளர் கேட்ட மன்னிப்பும் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. அதில் பிழை இல்லை.

கே: போன இதழில் பென்னெட்டைத் தூக்கி வைத்திருந்தீர்கள். வர்ஜீனியா வுல்ஃப் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிய கட்டுரையைப் படித்ததில்லையா? நாற்காலி, வாடகை, ஜன்னல் திரை என்று பட்டியல் போடுகிறவர் எப்படி மனித மனத்தைத் தொட முடியும்?

ப: படித்திருக்கிறேன், மூன்று முறை. 1924-ல் வந்த 'மிஸ்டர் பென்னெட் அண்ட் மிஸஸ் பிரௌன்'. அற்புதமான கட்டுரை, அதனால்தான் இவ்வளவு சேதம் செய்தது. ரிச்மண்டிலிருந்து வாட்டர்லூ போகும் ரயில் பெட்டி. எதிரே ஒரு முதிய பெண்மணி, நைந்த உடை, ஆனால் எல்லாம் ஒழுங்காகப் பொத்தான் போட்டுச் சுத்தமாக. அவளை மிஸஸ் பிரௌன் என்று வைத்துக்கொள்வோம் என்கிறார் வுல்ஃப். பென்னெட் இந்தப் பெட்டியில் இருந்தால் இருக்கையின் துணியைப் பார்ப்பார், விளம்பரங்களைப் பார்ப்பார், மிஸஸ் பிரௌனை மட்டும் பார்க்கமாட்டார் என்பது குற்றச்சாட்டு.

இந்தக் கட்டுரையைத் தூண்டிவிட்டவர் பென்னெட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வுல்ஃபின் 'ஜேக்கப்ஸ் ரூம்' நாவலைப் பற்றி, ஆள்கள் மனத்தில் நிற்கவில்லை என்று 1923-ல் எழுதினார். அந்த அம்மாள் சும்மா விடுவாரா?

சரி, இப்போது வேறொரு கிழவியிடம் போவோம். 1903 இலையுதிர் காலம், பாரிஸில் ரூ த கிளிஷி தெருவில் ஓர் உணவகம். பென்னெட் அங்கே அடிக்கடி சாப்பிடப் போவார். ஒரு நாள் இரவு, பருத்து உருக்குலைந்த ஒரு வயதான பெண் உள்ளே வருகிறாள். கை நிறைய சின்னச் சின்னப் பார்சல்கள். ஓர் இடத்தில் உட்காருகிறாள், பிடிக்கவில்லை, வேறிடம் மாறுகிறாள், அதுவும் சரிப்படவில்லை. நடுவில் பார்சல்கள் கீழே விழுகின்றன, ஒன்றை எடுத்தால் இன்னொன்று விழுகிறது. கொஞ்ச நேரத்தில் உணவகமே சிரிக்கிறது. பென்னெட் மனதுக்குள் ரசித்து வைத்திருந்த, வெளிறிய அழகுடைய இளம் பரிசாரகிகூடச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு உறைக்கிறது: இந்தக் கிழவியும் ஒரு காலத்தில் ஒல்லியாக, இளசாக, ஒருவேளை அழகாகக்கூட இருந்திருப்பாள். இந்தக் கோணல் சேட்டைகள் ஒன்றும் அன்று இருந்திருக்காது. அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது ஒரே நாளிலா? ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறி மாறித்தானே?

இதை நாவலின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஆக, வுல்ஃப் எந்தக் கிழவியைப் பென்னெட் பார்க்கமாட்டார் என்றாரோ, அப்படி ஒரு கிழவியைப் பார்த்ததில்தான் அவருடைய மிகச் சிறந்த புத்தகமே பிறந்தது. உணவகத்தில் அவர் பார்த்தது நாற்காலியை இல்லை. அவள் நாற்காலி மாற்றியதை.

ஒரு கிழவியை இரண்டு சகோதரிகளாக்கினார். துணிக்கடைக்காரரின் மகள்கள், கான்ஸ்டன்ஸ், சோஃபியா. ஒருத்தி பிறந்த கடையிலேயே கிழவியாகிறாள், மற்றவள் பாரிஸுக்கு ஓடிப்போய்க் கிழவியாகிறாள். ஐம்பது வருடக் கதை. ஓடிப்போன கணவனை சோஃபியா பல பத்தாண்டுகள் கழித்துப் பிணமாகப் பார்க்கும் இடம் ஒன்று வருகிறது. கோபம் இல்லை, காதல் இல்லை. இவனும் இளைஞனாக இருந்தான், கிழவனானான், செத்தான் என்பது மட்டும்தான் அவளைத் தாக்குகிறது. மனத்தைத் தொடவில்லை என்று அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

பென்னெட்டின் எல்லாப் புத்தகமும் இப்படி என்று சொல்லவில்லை. எழுதிய வார்த்தைகளைக் கூட்டிக் கணக்கு வைக்கிற ஆள். 1908-ல் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல் என்று நாட்குறிப்பில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். அத்தனை எழுதினால் பதரும் இருக்கும்.

வுல்ஃபிடம் எனக்குக் கோபமும் இல்லை. காரணம் ரொம்பத் தொழில்ரீதியானது, அவர் அச்சுக் கோத்தவர். 1917-ல் அவரும் கணவர் லெனார்டும் ஒரு சின்னக் கையச்சு இயந்திரம் வாங்கி ரிச்மண்ட் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். அச்சுத்தொழில் பள்ளியில் சேரப் போனபோது, தொழில் பழகும் பையன்களைத்தான் சேர்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினாறு பக்கச் சிறு கையேட்டை வைத்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். லெனார்டுக்குக் கை நடுங்கும், அதனால் இயந்திரத்தை இழுப்பது அவர், எழுத்துக் கோப்பது வர்ஜீனியா. முதல் புத்தகம் 150 பிரதி. அடுத்த வருடம் ஜாய்ஸின் புரவலரான ஹாரியட் வீவர் அம்மையார் 'யுலிசிஸ்' கையெழுத்துப் பிரதியோடு அவர்களிடம் வந்தார். முந்நூறு பக்கப் புத்தகத்தை எங்கள் கையால் அடித்து முடிக்க இரண்டு வருடம் ஆகும் என்று வர்ஜீனியா பதில் எழுதினார். வெளியே அச்சடிக்க லெனார்ட் கேட்டுப் பார்த்தார். அச்சகக்காரர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். மறுபடி அதே சட்டம்.

கே: அன்றைய எழுத்தாளர்கள் எழுதியே நன்றாகச் சம்பாதித்தார்களா?

ப: சிலர். மூன்று பேர் கணக்கைச் சொல்கிறேன். தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' 1900-ல் நியூயார்க்கில் வந்தது. பதிப்பாளர் வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து படித்துவிட்டு, இதைப் போடவே வேண்டாம் என்றார். டிரைசர் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் 1,008 பிரதி அடித்து, விளம்பரமே இல்லாமல் விட்டார்கள். 456 விற்றது. டிரைசர் கைக்கு வந்தது 68 டாலர் 40 சென்ட். ஜாக் லண்டன் 'தி கால் ஆஃப் தி வைல்ட்' புத்தக உரிமையை 1903-ல் 2,000 டாலருக்கு மொத்தமாக விற்றார். அப்போதைக்கு நல்ல தொகைதான், ஆனால் பிறகு விற்ற விற்பனைக்கு ராயல்டி கிடையாது.

மூன்றாவது கணக்கு எனக்குப் பிடித்தது. ஈடித் வார்ட்டன் நன்றாக விற்பவர், அவருடைய நண்பர் ஹென்றி ஜேம்ஸ் விற்காதவர், வயதும் ஆகிவிட்டது. நேராகப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். அதனால் வார்ட்டன் தன் ராயல்டியிலிருந்து 8,000 டாலரை எடுத்து, ஜேம்ஸ் எழுதப்போகும் நாவலுக்கு முன்பணம் என்று சொல்லி அனுப்பும்படி பதிப்பாளரிடம் ரகசியமாக ஏற்பாடு செய்தார். இருவருக்கும் பதிப்பாளர் ஒருவரே, அதனால் முடிந்தது. ஜேம்ஸுக்கு ஆச்சரியம், சந்தோஷம். நாவல் முடியாமலே 1916-ல் காலமானார். பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கே: நீங்கள் முடிக்க முடியாமல் விட்ட நாவல் உண்டா?

ப: ஜேம்ஸின் 'தி கோல்டன் பௌல்'. நாலு தடவை. வாக்கியத்துக்குள் நுழைந்தால் வினைச்சொல் வருவதற்குள் எதற்காக நுழைந்தோம் என்பது மறந்துவிடுகிறது. மணிக்கட்டு வலியால் அவர் 1890-களின் பிற்பகுதியிலிருந்து நாவல்களை வாயால் சொல்லி, உதவியாளரைத் தட்டச்சு செய்யவைத்தார். அறையில் நடந்துகொண்டே சொல்வார். ரெமிங்டன் இயந்திரத்தின் சத்தம் கேட்டால்தான் சொற்கள் வரும், வேறு இயந்திரம் வைத்தால் வராது. பேசுகிறவனுக்கு முற்றுப்புள்ளி எதற்கு?

ஆனால் ஜேம்ஸிடம் எனக்கு ஒரு ரகசிய ஆறுதல் உண்டு. ஒரு முறை என் பொறுப்பில் இருந்த நாவலில் பதினாறு பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டு) ஒன்று இடம் மாறி பைண்ட் ஆகிவிட்டது. இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாசகர்தான் கடிதம் போட்டார், அவரும் அது புது உத்தி என்று பாராட்டியிருந்தார். ஜேம்ஸின் 'தி அம்பாசடர்ஸ்' 1903 அமெரிக்கப் பதிப்பில் இரண்டு அத்தியாயங்கள் முன்பின்னாக மாறியிருந்தன. லண்டன் பதிப்பில் வரிசை வேறு. அவரே திருத்தி வெளியிட்ட 1909 தொகுப்பிலும் அமெரிக்க வரிசையே தொடர்ந்தது. 1950-ல் ஒரு மாணவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாரும் மூச்சுவிடவில்லை. இன்னொரு நாற்பது வருடம் கழித்து ஓர் அறிஞர், இல்லை, பழைய வரிசைதான் சரி என்று வாதாடினார். என் வாசகர் எவ்வளவோ மேல்.

கே: எச்.ஜி. வெல்ஸ் அணுகுண்டை முன்கூட்டியே சொன்னார் என்பது உண்மையா?

ப: உண்மை. 1914-ல் வந்த 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ'. 'அட்டாமிக் பாம்' என்ற சொல்லே அதில் வருகிறது. அணு விஞ்ஞானி லியோ சிலார்ட் 1932-ல் அதைப் படித்திருக்கிறார். நாவலாக அது சுமார்தான். வெல்ஸ் வேண்டுமென்றால் 'தி ஹிஸ்டரி ஆஃப் மிஸ்டர் பாலி' படியுங்கள், அஜீரணத்தால் அவதிப்படும் ஒரு கடைக்காரரின் கதை.

கே: கான்ராட் தாய்மொழியில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதியது துரோகம் என்கிறான் என் நண்பன். உங்கள் கருத்து?

ப: அந்தக் குற்றச்சாட்டு கான்ராடின் காதிலேயே விழுந்ததுதான், போலந்துக்காரர்களே சொன்னார்கள். 1857-ல் ரஷ்ய ஆட்சியின் கீழ் பிறந்த போலந்துக் குடும்பத்துப் பிள்ளை. போலிஷ், பிறகு பிரெஞ்சு. ஆங்கிலக் கப்பலில் ஏறியபோது வயது இருபது, அதன் பிறகுதான் ஆங்கிலம். முதல் நாவல் 1895-ல். எழுத்தில் பிசிறில்லை, ஆனால் வாயைத் திறந்தால் சாகும்வரை போலிஷ் வாடை.

துரோகம் என்பவர்கள் 1910 ஜனவரியைப் பார்க்க வேண்டும். 'அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்' நாவலைப் பல மாதப் போராட்டத்துக்குப் பிறகு முடித்து, லண்டனுக்கு வந்து தன் ஏஜென்ட் பிங்கரைச் சந்திக்கிறார். கடன் பாக்கி, தாமதம் என்று வாக்குவாதம் முற்றுகிறது. பேச்சுவாக்கில் பிங்கர், நீங்கள் என்னிடம் ஆங்கிலம் பேசவில்லை என்கிறார். ஆங்கிலத்தில் 'லார்ட் ஜிம்', 'நாஸ்ட்ரோமோ' எழுதிய மனிதரிடம்! வீடு திரும்பிய கான்ராட் படுத்த படுக்கையானார். ஜுரத்தில் போலிஷ் மொழியிலேயே பிதற்றினார், நாவலின் பாத்திரங்களோடு பேசினார். தாய்மொழி எங்கேயும் போய்விடவில்லை ஐயா, உள்ளே இருந்தது.

1924-ல் காலமானார். கேன்டர்பரியில் அடக்கம். கல்லறைக் கல்லில் அவருடைய போலிஷ் நடுப்பெயர் 'தியோடர்' எழுத்துப்பிழையோடு வெட்டப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டியதற்கு இரண்டாவது புரூஃப் கிடையாது.

கே: ஜாய்ஸ், வுல்ஃப் எல்லாம் படித்தவர்கள். அந்தக் காலத்தில் உடல் உழைப்பாளி யாராவது நாவல் எழுதினாரா?

ப: எழுதினார். ராபர்ட் நூனன், டப்ளினில் பிறந்து, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடித்தவர். கடைப் பலகைகளில் எழுத்து எழுதுவதில் கெட்டிக்காரர். மனைவி இல்லை, கேத்லீன் என்று ஒரே மகள். நூனனுக்குக் காசநோய். வேலை முடிந்து வந்து ராத்திரியில் 'தி ராக்ட் டிரவுசர்ட் ஃபிலாந்த்ரபிஸ்ட்ஸ்' என்ற நாவலை எழுதினார். பெயின்டர்களின் கதை. முதலாளியைப் பணக்காரராக்குவதற்காகக் கந்தல் கால்சட்டையோடு உழைத்துக் கொடுக்கும் தர்மப் பிரபுக்கள் என்று தொழிலாளிகளைக் கிண்டல் செய்யும் தலைப்பு. புனைபெயரையும் தொழிலிலிருந்தே எடுத்தார், பெயின்டர்கள் பலகை போட்டு நிற்கும் தாங்குச் சட்டத்தின் பெயர்: டிரெஸல். முழுக்கக் கையெழுத்து, சுமார் 1,600 பக்கம். தலைப்புப் பக்கத்தைக் கடைப் பலகை எழுதுவதுபோல் அலங்காரமாக எழுதியிருந்தார். மூன்று பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கட்டத்தில் எரித்துவிடப் பார்த்தார், கேத்லீன்தான் காப்பாற்றி ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். கனடாவுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று புறப்பட்ட நூனன் 1911 பிப்ரவரியில் லிவர்பூல் ஆஸ்பத்திரியில் இறந்தார். அநாதைப் பிணங்களோடு சேர்த்துப் புதைத்தார்கள்.

கேத்லீன் லண்டனில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலையில் இருந்தார். அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஜெஸ்ஸி போப் என்ற எழுத்தாளரிடம் கையெழுத்துப் பிரதிக் கட்டைக் காட்டினார். அவர் அதைத் தன் பதிப்பாளரிடம் கொண்டுபோனார். அந்தப் பதிப்பாளர் யார் என்று ஊகித்திருப்பீர்கள். கிராண்ட் ரிச்சர்ட்ஸேதான்! மொத்த உரிமைக்கும் 25 பவுன் கொடுத்தார். புத்தகம் 1914 ஏப்ரலில் வந்தது, 'டப்ளினர்ஸ்' வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. ஒரே வருடம், ஒரே பதிப்பாளர், டப்ளினில் பிறந்த இரண்டு பேர். ஒருவர் ஒவ்வொரு சொல்லுக்காகவும் ஒன்பது வருடம் மல்லுக்கு நின்றவர். மற்றவர் செத்துப்போயிருந்தார், அதனால் ஜெஸ்ஸி போப் தாராளமாக வெட்டினார். பெயரில்கூட ஒரு உயிரெழுத்து மாறித்தான் அச்சாயிற்று.

மூலத்தில் நாவல் நம்பிக்கையோடு முடிகிறது. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, முன்னால் இருந்த ஒரு பகுதியை ஜெஸ்ஸி போப் கடைசிக்கு நகர்த்தினார். நோயாளியான பெயின்டர் ஓவன், மனைவி மகனோடு செத்துவிடலாமா என்று யோசிக்கும் பகுதி. நாற்பது வருடம் வாசகர்கள் அதைத்தான் முடிவு என்று படித்தார்கள். ஹேஸ்டிங்ஸைச் சேர்ந்த ஃப்ரெட் பால் என்பவர் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பிடித்து, கிறுக்கல்களையும் ஒட்டுகளையும் நீக்கி, பக்கங்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தார். முழு நாவல் 1955-ல் வெளிவந்தது. நீங்கள் வாங்கும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவன் தற்கொலை யோசனையோடு நின்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது ஜெஸ்ஸி போப் போட்ட முடிவு.